தீம் மாற்றியதும் ஐகான்கள் ஏன் கட்டங்களாகின்றன?

கேள்வி இதுதான். பட்டன், டேபிள் மாதிரி உறுப்புகளை ரெடிமேடாகத் தரும் ஒரு காம்பொனென்ட் ஃபிரேம்வொர்க்கை வைத்துப் பெரிய அட்மின் அப்ளிகேஷன் ஒன்றைக் கட்டியிருக்கிறீர்கள். அதோடு வந்த தீமைக் கழற்றிவிட்டுச் சொந்தத் தீம் போட்டதும் பாதி ஐகான்கள் வெற்றுக் கட்டங்களாகிவிட்டன, ஒன்றிரண்டு வேறு படமாகவே மாறிவிட்டன, டார்க் தீமில் சில ஐகான்கள் கண்ணுக்கே தெரியவில்லை. இதற்கு நடுவில் டிசைனர் நாற்பது புது ஐகான்கள் வரைந்து கொடுத்திருக்கிறார், அவற்றையும் உள்ளே சேர்க்க வேண்டும். பேசாமல் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு எஸ்விஜிக்கு, அதாவது கோடுகளையும் வடிவங்களையும் விவரிக்கும் பட ஃபைல்களுக்கு, போய்விடலாமா என்பது கடைசிக் கேள்வி.

போகலாம், ஆனால் இப்போதே வேண்டாம். காரணம் தெரியாமல் போனால் இந்தத் தொல்லைகளில் பாதி அங்கேயும் கூடவே வரும்.

ஐகான் ஃபான்ட்டை, அதாவது எழுத்துகளுக்குப் பதில் ஐகான்களை அடைத்து வைத்திருக்கும் ஃபான்ட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாகப் புரிந்துவிடும். திரையில் பார்ப்பதற்குப் படம் மாதிரி இருந்தாலும் அது ஒரு எழுத்து. பிரவுசருக்கு வீட்டுப் படமும் ஒன்றுதான், 'க'வும் ஒன்றுதான். எழுத்துக்கு என்னென்ன நடக்குமோ, அதாவது நிறம், அளவு, தடிப்பு, சாய்வு, எழுத்துகளுக்கு நடுவே விடும் இடைவெளி, ஃபான்ட் கிடைக்காவிட்டால் கட்டம் என்று அத்தனையும் ஐகானுக்கும் நடக்கும். நம் ஆட்கள் இதை ஏன் விரும்பினார்கள் என்பதற்கும் அதுதான் காரணம், இப்போது நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கும் அதுதான் காரணம்.

விரும்பியது ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஜேக்வெரி யூஐ என்ற பழைய நூலகத்தின் காலத்துக்குப் போக வேண்டும். அப்போது ஐகான்கள் எல்லாம் ஒரே பிஎன்ஜி படத்துக்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும், 256க்கு 240 பிக்சல் தாள் ஒன்று. தேவையான ஐகான் இருக்கும் இடத்துக்குப் பின்னணிப் படத்தை நகர்த்திக் காட்டுவார்கள். தீம் மாறினால் நிறம் மாற வேண்டுமே, அதற்கு அதே தாளை வேறு நிறத்தில் இன்னொரு ஃபைலாகச் செய்துவைப்பார்கள். ஃபைல் பெயரிலேயே 222222 என்று நிற எண் இருக்கும். சாதாரண நிலைக்கு ஒன்று, மவுஸ் மேலே வந்தால் ஒன்று, பிழைச் செய்திக்கு ஒன்று என்று ஒரு தீமுக்கே நாலைந்து படம். ரெட்டினா திரைகள் வந்ததும் அவை மங்கலாகவும் தெரிய ஆரம்பித்தன. 2012இல் டேவ் கேண்டி ஃபான்ட் ஆசம் என்ற ஐகான் ஃபான்ட்டை பூட்ஸ்டிராப் என்ற வெப் ஃபிரேம்வொர்க்குக்காக வெளியிட்டார். 2013இல் வந்த பூட்ஸ்டிராப் 3 தன் பங்குக்கு கிளிஃபிகான்ஸ் என்ற ஐகான் தொகுப்பைப் படத் தாளிலிருந்து ஃபான்ட்டுக்கு மாற்றியது. சுற்றியிருக்கும் எழுத்தின் நிறத்தையே ஐகானும் எடுத்துக்கொள்ளும், அளவை எவ்வளவு கூட்டினாலும் மங்காது. தீம் எழுதுபவர்களுக்கு அது பெரிய விடுதலை, உண்மையாகவே.

சரி, அந்த எழுத்துகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன? எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் யாருக்கும் ஒதுக்காமல், 'உங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவைத்த இடம் ஒன்று இருக்கிறது. இ000 முதல் எஃப்8எஃப்எஃப் வரை, மொத்தம் 6400 குறியெண்கள். ஆப்பிள் தன் கடித்த ஆப்பிள் லோகோவை அந்த வரிசையின் கடைசி இடத்தில்தான் வைத்திருக்கிறது, அதனால்தான் அதே எழுத்தை வேறு கம்ப்யூட்டரில் பார்த்தால் கட்டமாகத் தெரியும். ஐகான் ஃபான்ட் செய்பவர்கள் எல்லாரும் இந்த 6400க்குள்தான் பெரும்பாலும் குடியேறியிருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கேட்காமல். ஃபான்ட் ஆசத்தில் எஃப்015 வீடு. வேறொரு ஃபான்ட்டில் அதே எண்ணில் கத்தரிக்கோல் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். பாமினியில் அடித்த ஃபைலை வேறு ஃபான்ட்டில் திறந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே கதை. எண் அப்படியே இருக்கிறது, அதற்கு உருவம் கொடுக்கும் ஃபான்ட் மாறிவிட்டது.

உங்கள் 'வேறு படமாக மாறிய' ஐகான்களுக்கு விடை இங்கேயே வந்துவிட்டது. பழைய தீமின் ஏதோ ஒரு விதி குறியெண்ணைத் தருகிறது, புதுத் தீமின் விதி ஃபான்ட்-ஃபேமிலியை (ஃபான்ட்டின் பெயரை) தருகிறது, இரண்டும் வேறு வேறு ஃபான்ட்டுக்காக எழுதப்பட்டவை. உறுதிசெய்துகொள்ள குரோம் டெவலப்பர் டூல்ஸில் அந்த எலிமென்டைத் தேர்ந்தெடுத்து கம்ப்யூடட் பகுதியில் கடைசிவரை கீழே போங்கள், உண்மையில் எந்த ஃபான்ட்டில் வரைந்தது என்று அங்கே எழுதியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கென்றே ஃபான்ட்ஸ் பகுதி தனியாக உண்டு. தோற்ற விதிகளை எழுதும் ஸ்டைல்ஷீட்டில் (சிஎஸ்எஸ்) நாம் என்ன கேட்டோம் என்பது வேறு, பிரவுசர் என்ன கொடுத்தது என்பது வேறு. பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அதே படக்குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. புது ஸ்டைல்ஷீட் வந்துவிட்டது, ஆனால் பிரவுசர் பழைய ஃபான்ட் ஃபைலையே கேஷிலிருந்து, அதாவது முன்பே சேமித்து வைத்த இடத்திலிருந்து, எடுக்கிறது. ஃபைல் பெயரில் ஒரு ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் அடையாளச் சரம்) சேர்த்து வெளியிட்டால் இது போய்விடும்.

இனி கட்டங்கள். கட்டம் என்றால் 'இந்த எழுத்து என்னிடம் இல்லை' என்று கடைசியாக அகப்பட்ட ஃபான்ட் கையை விரிக்கிறது என்று அர்த்தம். அதாவது ஐகான் ஃபான்ட் வரவில்லை, அல்லது வந்தும் பயன்படவில்லை. நெட்வொர்க் டேபைத் திறந்து ஃபான்ட் என்று மட்டும் வடிகட்டிவிட்டுப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒன்று, ஃபைலைக் கேட்டது, கிடைக்கவில்லை. பெரும்பாலும் பாதைக் கோளாறு. ஸ்டைல்ஷீட்டில் ஃபான்ட்டுக்குக் கொடுக்கும் சார்புப் பாதை அந்த ஸ்டைல்ஷீட் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து கணக்காகும், பக்கத்திலிருந்து அல்ல. சொந்தத் தீம் செய்யும்போது ஃபிரேம்வொர்க்கின் சாஸ் (சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் மூல மொழி) ஃபைல்களை உங்கள் ஃபைலுக்குள் இழுத்துக்கொள்கிறீர்கள், வெளியே வரும் சிஎஸ்எஸ் வேறு ஃபோல்டரில் உட்காருகிறது, சாஸ் தானாகப் பாதைகளைத் திருத்தாது. ஃபான்ட் ஆசத்தின் சாஸில் ஃபான்ட் பாதைக்கென்றே ஒரு வேரியபிள் வைத்திருப்பது இதற்காகத்தான். ஃபான்ட் வேறு டொமைனிலிருந்து வந்தால் இன்னொரு சிக்கல். அந்தச் சர்வர், வேறு டொமைன் பக்கங்களும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிராஸ்-ஆரிஜின் அனுமதி ஹெட்டரைக் கொடுத்தாக வேண்டும். சாதாரணப் படங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஆகவே 'அதே சர்வரிலிருந்து லோகோ வருகிறதே, ஃபான்ட் மட்டும் ஏன் வரவில்லை' என்று குழம்ப வேண்டாம். எதை எங்கிருந்து ஏற்றலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி போட்டிருந்தால் அதில் ஃபான்ட்டுக்குத் தனி வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு, ஃபைல் 200 என்று சமத்தாக வந்துவிட்டது, ஆனாலும் கட்டம். கன்சோலில் 'இறக்கிய ஃபான்ட்டைப் பிரிக்க முடியவில்லை' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை இருக்கும். இதில் நான் இரண்டு நாளைத் தொலைத்திருக்கிறேன். எங்கள் பில்டு கருவி ரிசோர்ஸ் ஃபோல்டரில் இருந்த எல்லா ஃபைல்களையும் டெக்ஸ்ட் என்று நினைத்து வேரியபிள்களை நிரப்பிக்கொண்டிருந்தது, ஃபான்ட்டையும் அப்படியே திறந்து எழுதி மூடிவிட்டது. பைனரி ஃபைலை டெக்ஸ்டாகத் திறந்து எழுதினால் என்ன மிஞ்சும்? என் கணினியில் டெவலப்மென்ட் மோடில் அந்தப் படி கிடையாது, ஆகவே எனக்கு மட்டும் அழகாகத் தெரிந்தது. சர்வரில் இருந்த ஃபைலின் அளவையும் மூலத்தின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட், வரிமுடிவுகளை மாற்றுகிறேன் என்று இதே வேலையைச் செய்வதும் உண்டு. ஃபான்ட் வகைகளைப் பைனரி என்று குறித்து வைத்துவிடுங்கள், ஒரு வரிதான்.

மூன்றாவதுதான் ரொம்ப சுவாரசியமானது. ஃபைலைக் கேட்கவே இல்லை. பிரவுசர் ஃபான்ட்டை அறிவித்த உடனே இறக்காது, பக்கத்தில் எங்காவது அந்த ஃபான்ட்டைக் கேட்கும் எழுத்து இருந்தால்தான் இறக்கும். கேட்கவில்லை என்றால் அறிவிப்பு தொலைந்துவிட்டது, இல்லையென்றால் யாரோ ஃபேமிலியை மேலே ஏறி மிதித்திருக்கிறார்கள். சொந்தத் தீமில் முதலில் தேட வேண்டியது நட்சத்திரக் குறி. எல்லா எலிமென்டுக்கும் ஒரே ஃபான்ட்-ஃபேமிலி என்று எழுதி அதன் வாலில் மற்ற விதிகளை மீறவைக்கும் இம்பார்ட்டன்டையும் ஒட்டியிருப்பார்கள். எழுதியவரைத் திட்டுவதற்கு முன் அவர் ஏன் அப்படி எழுதினார் என்று பாருங்கள். பாடிக்கு, அதாவது பக்கம் முழுவதுக்கும், ஃபான்ட் கொடுத்திருப்பார், பட்டன்களும் இன்புட்களும் மட்டும் மாறாமல் பழைய சிஸ்டம் ஃபான்ட்டிலேயே நின்றிருக்கும், ஏனென்றால் ஃபார்ம் எலிமென்டுகள் இயல்பாக ஃபான்ட்டைப் பெற்றோரிடமிருந்து வாங்கிக்கொள்வதில்லை. எரிச்சலில் நட்சத்திரத்தைப் போட்டிருப்பார். அதை எடுத்துவிட்டு, பாடிக்கு ஒரு விதி, பட்டன், இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா நான்குக்கும் 'இன்ஹெரிட்' என்று ஒரு விதி போட்டால் அவர் கேட்டதும் கிடைக்கும், உங்கள் ஐகான்களும் திரும்பி வரும்.

'பாதி ஐகான்கள்' என்று சொன்னீர்களே, அந்தப் பாதிதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஃபான்ட் வரவில்லை என்றால் எல்லாமே போயிருக்க வேண்டும். பாதி மட்டும் போனால் தடிப்பைப் பாருங்கள். ஃபான்ட் ஆசம் 5 (2017 டிசம்பர்) வந்தபோது ஒரே ஃபேமிலி பெயருக்குள் இரண்டு ஃபைல்களை வைத்தார்கள். நிரப்பிய ஐகான்கள் 900 தடிப்பில், கோட்டு ஐகான்கள் 400 தடிப்பில். இலவசப் பதிப்பில் கோட்டு ஐகான்கள் கொஞ்சம்தான் உண்டு. உங்கள் தீமில் 'பட்டனுக்குள் எல்லாம் 400' என்று ஒரு விதி இருந்தால், பிரவுசர் விசுவாசமாக 400 ஃபைலுக்குப் போய்ப் பார்க்கும், அங்கே இருக்கும் ஐகான் தெரியும், இல்லாதது கட்டமாகும். பிராண்டு லோகோக்கள் வேறு ஃபேமிலியில் இருப்பதால் அவை தனிக் கதை. போதாக்குறைக்கு ஃபேமிலி பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது, ஆகவே உங்கள் ஸ்டைல்ஷீட்டில் எங்காவது 5 என்று கையால் எழுதி வைத்திருந்தால் 6க்குப் போகும் நாளில் அதுவும் விழக்கூடும். இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. ஒரே தடிப்பு மட்டுமே உள்ள ஐகான் ஃபான்ட்டை போல்டு தலைப்புக்குள் வைத்தால் பிரவுசர் தானே செயற்கையாகத் தடிமனாக்கி வரையும், ஓரங்கள் பூசினாற்போல் இருக்கும். ஐகானுக்கான விதியில் தடிப்பையும் சாய்வையும் நீங்களே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், சுற்றுப்புறத்தை நம்ப வேண்டாம்.

கட்டத்துக்குப் பதில் ஆங்கில வார்த்தை தெரிந்தால் அது வேறு இனம். கூகுளின் மெட்டீரியல் ஐகான்கள் லிகேச்சர் முறையில் வேலை செய்பவை. ஸ், ரீ இரண்டும் சேர்ந்தால் ஃபான்ட் 'ஸ்ரீ' என்று ஒரே உருவமாக வரைகிறதே, அதே நுட்பம்தான். 'ஹோம்' என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்து எழுதினால் ஃபான்ட் அவற்றைச் சேர்த்து ஒரு வீடாக வரைந்துவிடும். படிக்க அழகான முறை, குறியெண் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தீம் எழுதுபவர் பட்டன்களுக்கு லெட்டர்-ஸ்பேசிங் கொடுத்தால் பிரவுசர் லிகேச்சர்களைக் கைவிட்டுவிடும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபார்ம் போட்டால் ஃபான்ட்டுக்கு அந்த வார்த்தையே அடையாளம் தெரியாமல் போகலாம். கூகுள் தரும் மெட்டீரியல் ஐகான்ஸ் விதியில் இவை இரண்டையும் 'நார்மல்', 'நன்' என்று திரும்ப எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள், சும்மா எழுதவில்லை. இன்னொன்று, பயனர் பிரவுசரின் மொழிபெயர்ப்பைத் தட்டிவிட்டால் ஐகானின் வார்த்தையும் மொழிபெயர்ந்து, வீட்டுப் படம் இருந்த இடத்தில் 'முகப்பு' என்று நீளமாக வந்து டூல்பாரையே உடைத்துவிடும். ஐகான் எலிமென்டுக்கு 'மொழிபெயர்க்காதே' என்ற டிரான்ஸ்லேட் ஆட்ரிபியூட்டைச் சேர்ப்பது இதற்காக.

உங்கள் ஃபிரேம்வொர்க் வெப் காம்பொனென்டுகளால் ஆனது என்றால் காம்பொனென்டின் உட்பகுதியை வெளி ஸ்டைல்களிலிருந்து சுவர் கட்டிப் பிரிக்கும் ஷேடோ டாம் பற்றியும் இரண்டு வார்த்தை. ஃபான்ட் அறிவிப்பை ஷேடோ ரூட்டுக்குள் எழுதினால் எடுபடாது, மெயின் டாக்குமெண்டில்தான் எழுத வேண்டும். அங்கே அறிவித்த ஃபான்ட்டை உள்ளே பயன்படுத்தலாம், ஆனால் வெளியே எழுதிய ஐகான் கிளாஸ் விதிகள் உள்ளே நுழையாது. கஸ்டம் பிராபர்டிகள் (நாமே பெயர் வைக்கும் சிஎஸ்எஸ் மதிப்புகள்), பெற்றோரிடமிருந்து இறங்கும் எழுத்து நிறத்தைப் போலவே, சுவரைத் தாண்டி உள்ளே இறங்கும். இந்த ஓட்டையைத்தான் வாடின் என்ற ஃபிரேம்வொர்க் தன் லூமோ தீமில் அழகாகப் பயன்படுத்திக்கொண்டது. காலண்டர், அம்புக்குறி என்று ஒவ்வொரு ஐகானின் எழுத்தையும் ஒரு கஸ்டம் பிராபர்டியில் வைத்தார்கள், காம்பொனென்ட் உள்ளே அந்தப் பிராபர்டியை மட்டும் கேட்கும். தீம் எழுதுபவர் வெளியிலிருந்து அந்த மதிப்பை மாற்றினால் உள்ளே இருக்கும் படம் மாறும்.

என்னைக் கேட்டால் உங்கள் பிரச்சினைக்கு நிரந்தர மருந்து இந்த யோசனையில்தான் இருக்கிறது. எந்தப் படம் என்பதைத் தீம் முடிவுசெய்யட்டும், திரையில் என்ன வேலை என்பது மட்டும் எழுதியிருக்கட்டும். உங்கள் கோடில் எத்தனை இடத்தில் ஐகான் நூலகத்தின் கிளாஸ் பெயர் நேரடியாக இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் வரும் என்று பந்தயம் கட்டுவேன். ஒவ்வொன்றும் ஆணியடித்து வைத்த மாதிரி, நூலகத்தை மாற்ற நினைத்தால் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். அதற்குப் பதில் சொந்தமாக ஒரு சின்ன ஐகான் காம்பொனென்ட் எழுதி, அதற்கு 'நீக்கு', 'சேமி', 'விரி', 'மூடு' என்று பொருளைச் சொல்லும் பெயர்களை மட்டும் கொடுத்து, எந்தப் பெயருக்கு எந்தப் படம் என்ற அட்டவணையை ஒரே ஃபைலில் வையுங்கள். வியூட்டிஃபை என்ற காம்பொனென்ட் நூலகத்தில் இதை ஏலியாஸ் என்று கூப்பிடுகிறார்கள். அதன் உள் காம்பொனென்டுகளே 'குளோஸ்' என்ற ஏலியாஸைத்தான் கேட்கின்றன, அது எந்த நூலகத்தின் எந்தப் படம் என்பது ஒரே இடத்தில் கான்ஃபிக் ஆகிறது. இன்னொரு நூலகமான ஆங்குலர் மெட்டீரியலில் ஐகான் ரெஜிஸ்ட்ரி உண்டு, இயல்பான ஃபான்ட் கிளாஸையும் எஸ்விஜி ஐகான்களையும் அதில் பதிவுசெய்யலாம். உங்கள் ஃபிரேம்வொர்க்கில் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று டாக்குமெண்டேஷனில் முதலில் தேடுங்கள், ஏனென்றால் டேபிளின் வரிசைப்படுத்தும் அம்பு, டேட் பிக்கரின் இடது வலது அம்பு மாதிரி உள்ளுக்குள் இருக்கும் ஐகான்களை நீங்கள் வெளியிலிருந்து கையாள அதுதான் வழி.

பெயர் வைக்கும்போது படத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். சேமிக்கும் பட்டனுக்கு 'ஃபிளாப்பி' என்று பெயர் வைத்து, ஒரு நாள் டிசைனர் அதை மேகமாக்கி, அப்புறம் கோடில் ஃபிளாப்பி என்று எழுதியிருக்கும் இடத்தில் மேகம் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பெயர்கள் ஒரே படத்தைக் காட்டினால் தப்பில்லை. ஒரே பெயரை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தினால்தான் பின்னால் பிரிக்க முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும், உதாரணமாக 'பெருக்கல் குறி' என்று ஒரே பெயரில் மூடுவதும் நீக்குவதும்.

டார்க் தீம் பற்றி. ஃபான்ட் ஐகான் சுற்றியுள்ள எழுத்து நிறத்தையே எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேன், ஆகவே இயல்பாக அவை மறையக் கூடாது. மறைந்தவற்றை எடுத்துப் பார்த்தால் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். காம்பொனென்டின் சொந்த ஸ்டைலில் அடர் சாம்பல் என்று நிறத்தைக் கையால் எழுதியிருப்பார்கள், அல்லது அது ஃபான்ட்டே இல்லை, பழைய பிஎன்ஜியோ, நிரப்பு நிறம் உள்ளேயே எழுதப்பட்ட எஸ்விஜியோ பின்னணிப் படமாக ஒளிந்திருக்கும். நிறங்களைக் கஸ்டம் பிராபர்டிகளாக மாற்றுங்கள், ஐகானுக்கென்று தனியாக ஒன்று, செயலிழந்த ஐகானுக்கு ஒன்று, ஆபத்தான செயலுக்கு ஒன்று, இவ்வளவு போதும். செயலிழந்த நிலையை ஒபாசிட்டியால் காட்டும் பழக்கம் பலருக்கும் உண்டு, வெள்ளைப் பின்னணியில் சுமாராகத் தெரிவது கறுப்பில் வேறு மாதிரி மங்கும், ஆகவே இரண்டு தீமிலும் நிறத்தையே தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. அளவுகோல் வேண்டுமானால் 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகல் வழிகாட்டி சொல்வது, புரிந்துகொள்ளத் தேவையான ஐகானுக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3க்கு 1 கான்ட்ராஸ்ட். சாதாரண எழுத்துக்குக் கேட்கும் 4.5ஐ விடக் குறைவு, அதையும் எட்டாத தீம்கள் ஏராளம்.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடருக்கும் ஐகான் எழுத்துதான், மறந்துவிட வேண்டாம். அது பொருளில்லாத குறியெண்ணை ஏதோ போலப் படிக்கும், லிகேச்சராக இருந்தால் அந்த ஆங்கில வார்த்தையை வாசித்துவிடும். ஐகான் எலிமென்டுக்கு ஸ்கிரீன் ரீடரிடமிருந்து மறைக்கும் ஏரியா-ஹிடன், பட்டனுக்கு அதனிடம் பெயர் சொல்லும் ஏரியா-லேபிள், இவை இரண்டும் உங்கள் ஐகான் காம்பொனென்டுக்குள்ளேயே இருந்தால் யாரும் மறக்க மாட்டார்கள். டிஸ்லெக்சியா உள்ளவர்கள் சிலர் தங்களுக்கு வசதியான ஃபான்ட்டை எல்லாப் பக்கங்களுக்கும் திணித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு உங்கள் ஐகான்கள் எல்லாமே கட்டம்தான், நீங்கள் எவ்வளவு சரியாகச் செய்திருந்தாலும். ஐகான் ஃபான்ட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் என்னால் பதில் சொல்ல முடியாத வாதம் இது ஒன்றுதான்.

நாற்பது புது ஐகான்களுக்கு வருவோம். ஐகோமூன், ஃபான்டெல்லோ போன்ற கருவிகளில் எஸ்விஜிகளை ஏற்றினால் ஃபான்ட் செய்து கொடுத்துவிடும். டிசைனரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில உண்டு. எல்லாம் ஒரே அளவுச் சதுரத்தில் இருக்க வேண்டும், ஒரே நிறம், கோடுகள் எல்லாம் வடிவமாக மாற்றப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஃபான்ட்டுக்கு ஸ்டிரோக் என்பது தெரியாது. வளையத்துக்குள் ஓட்டை இருக்கிற ஐகான் ஃபான்ட்டானதும் ஓட்டை அடைபட்டுக் கறுப்பு வட்டமாக வந்தால் பதற வேண்டாம். எஸ்விஜியில் ஈவன்-ஆட் விதியால் (குறுக்கிடும் பாதைகள் ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்க்கும் விதி) ஓட்டை விழுந்திருக்கும், ஃபான்ட் பாதை சுற்றும் திசையைப் பார்த்துத்தான் ஓட்டையை முடிவுசெய்யும், உள் பாதையின் திசையைத் திருப்பச் சொன்னால் சரியாகிவிடும். உங்கள் ஃபான்ட்டுக்குத் தனி ஃபேமிலி பெயர், கிளாஸ்களுக்குத் தனி முன்னொட்டு கொடுங்கள். ஃபிரேம்வொர்க்கின் பெயரிலேயே உங்களுடையதையும் செருகப் பார்க்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் யாராவது அழுவார்கள். முக்கியமாக, அந்தக் கருவி தரும் கான்ஃபிக் ஃபைலையும் கோடு இருக்கும் ரெப்போவில் சேர்த்து வையுங்கள். அது இல்லாமல் அடுத்த ஆறு மாதத்தில் நாற்பத்தோராவது ஐகானைச் சேர்க்க மறுபடி முதலிலிருந்து செய்தால் குறியெண்கள் இடம் மாறி, நீக்கும் பட்டனில் அச்சு இயந்திரம் வந்து உட்காரும்.

ஃபைல் அளவைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஃபான்ட் ஆசம் 4.7 675 ஐகான்களோடு வோஃப்2 என்ற சுருக்கிய ஃபான்ட் வடிவில் 77 கேபிதான். ஆனால் மெட்டீரியல் சிம்பல்ஸ் போன்ற வேரியபிள் ஃபான்ட்டை முழுசாக இழுத்தால் கதை வேறு, நிரப்பு, தடிப்பு, கிரேடு, ஆப்டிகல் அளவு என்று நான்கு அச்சுகளும் சேர்ந்து கனமாகிவிடும். அதற்குத் தேவையான ஐகான் பெயர்களை மட்டும் கேட்டு வாங்கும் வசதியை கூகுள் ஃபான்ட்ஸ் தருகிறது. ஃபான்ட் வரும்வரை என்ன காட்டுவது என்று சொல்லும் ஃபான்ட்-டிஸ்பிளேயை மட்டும் 'பிளாக்' என்று வையுங்கள். கட்டுரை எழுத்துக்கு நல்லது என்று எல்லாரும் சொல்லும் 'ஸ்வாப்' ஐகானுக்கு ஆகாது, ஃபான்ட் வரும்வரை கட்டமோ ஆங்கில வார்த்தையோ மின்னிவிட்டுப் போகும்.

கடைசியாக எஸ்விஜி. கிட்ஹப் 2016இலேயே தன் ஐகான் ஃபான்ட்டை விட்டு எஸ்விஜிக்குப் போய்விட்டது, 2018 ஜனவரியில் வந்த பூட்ஸ்டிராப் 4 கிளிஃபிகான்ஸைக் கழற்றிவிட்டது. இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவர் கேட்டால் நானும் எஸ்விஜி என்றுதான் சொல்வேன். உங்கள் நிலையில், மேலே சொன்ன பெயர் அட்டவணையை முதலில் கட்டி முடியுங்கள், அதன் பிறகு ஒவ்வொரு ஐகானாகப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், திரைகளைத் தொடவே வேண்டாம். கிளாஸ் பெயரை மட்டுமே வாங்கிக்கொள்ளும் பழைய பாணி ஃபிரேம்வொர்க் என்றாலும் வழி இருக்கிறது. அந்தக் கிளாஸில் எஸ்விஜியை மாஸ்க்காக (பின்னணியைத் தன் வடிவில் மட்டும் தெரியவைக்கும் முகமூடியாக) வைத்து, பின்னணி நிறத்தை எழுத்து நிறத்தைக் குறிக்கும் கரண்ட்கலர் ஆக்கினால், ஃபான்ட் ஐகான் மாதிரியே எழுத்து நிறத்தைப் பின்தொடரும். இதில் ஒரு பொறி உண்டு, விண்டோஸின் ஹை கான்ட்ராஸ்ட் மோடில் பிரவுசர் பின்னணி நிறங்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும், மாஸ்க் ஐகான் பின்னணியோடு கலந்து காணாமல் போகும். ஃபான்ட் ஐகானுக்கு அந்தத் தொல்லை இல்லை, எழுத்து நிறத்தை பிரவுசரே பார்த்துக்கொள்ளும். ஆகவே அந்த மோடுக்கு மட்டும் பொருந்தும் ஃபோர்ஸ்டு-கலர்ஸ் மீடியா குவெரிக்குள் அந்தப் பின்னணிக்கு கேன்வாஸ்டெக்ஸ்ட் (அந்த மோடின் எழுத்து நிறம்) என்று ஒரு வரி எழுதி, ஃபோர்ஸ்டு-கலர்-அட்ஜஸ்ட்டையும் 'நன்' ஆக்கிவிடுங்கள்.

மாற்ற ஆரம்பிக்கும் முன் ஒரு பக்கம் செய்துகொள்ளுங்கள். அட்டவணையில் இருக்கும் எல்லா ஐகான்களும் வரிசையாக, சாதாரணப் பட்டனுக்குள் ஒரு முறை, போல்டு தலைப்புக்குள் ஒரு முறை, செயலிழந்த பட்டனுக்குள் ஒரு முறை, இரண்டு தீமிலும். ஒவ்வொரு பில்டுக்கும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து முந்தையதோடு ஒப்பிட வைத்துவிட்டால், கட்டம் விழுந்ததை யூசர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது. என்னிடம் அந்தப் பக்கம் அப்போதே இருந்திருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.